ஏணிப் படமும் வீட்டுப் பாடமும்

கரியாஹாட்டில் என் மின்சாமான் கடைக்கு மாலையில் நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் வருவதுண்டு. "அங்கிள், பி.எல்.சி. ஹோம்ஒர்க், விடையை மட்டும் சொல்லிடுங்க" என்பார்கள்.

பி.எல்.சி. என்பது தொழிற்சாலை இயந்திரங்களை ஆட்டுவிக்கும் சிறு கணினி. அலமாரி நிறைய ரிலேக்கள் செய்த வேலையை இது ஒன்றே செய்கிறது. அமெரிக்காவில் டிக் மார்லி குழுவினர் உருவாக்கிய மோடிகான் 084, 1969-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குப் போயிற்று. ரிலே வரைபடம் படித்த எலக்ட்ரீசியனுக்கும் புரியட்டும் என்றே நிரலை ஏணிப் படமாக எழுதினார்கள்.

பிள்ளைகள் தடுமாறுவது நிறுத்தும் பொத்தானில்தான். வயரிங்கில் அது மூடிய தொடர்பு. ஏணிப் படத்திலோ திறந்த தொடர்பு. ஏன்? அதன் வழியே மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும்; நிரல் "வருகிறதா?" என்றே பார்க்கிறது. பொத்தானை அழுத்தினாலும், கம்பி அறுந்தாலும் வரத்து நிற்கும், மோட்டாரும் நிற்கும். திறந்த பொத்தானை வைத்தால் கம்பி அறுந்ததே தெரியாது; ஆபத்தில் அழுத்தினாலும் மிஷின் நிற்காது.

காப்பியடித்தால் மார்க் வரும்; மிஷினில் போன கை வராது. கவனக்குறைவே ஹிம்சையின் வேர் என்பது எங்கள் சமண நெறி. ஆகவே நான் விடை சொல்வதில்லை. பேட்டரி, பல்பு, பொத்தான் கொடுத்து, "கம்பியைப் பிடுங்கிப் பாருப்பா" என்பேன். பெற்றோரும் "எழுதிட்டியா?" என்பதோடு "ஏன் அப்படி?" என்றும் கேட்கலாமே!