மனத்துயரும் மாணவர் கடமையும்

உடம்பிற் சிறு காய்ச்சல் தோன்றினும் நாம் வாளாவிருப்பதில்லை. விடுதியில் ஒருவன் போர்வைக்குள் நடுங்கிக் கிடப்பானாயின், அடுத்த அறையினன் கஞ்சி கொணர்கிறான்; மற்றொருவன் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறான்; வேறொருவன் அவன் பொருட்டு வகுப்பிற் குறிப்பெடுத்து வைக்கிறான். ஆயின் அம்மாணவனே மனம் நொந்து, உணவை வெறுத்து, இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடப்பானாயின் நாம் செய்வது யாது? சோம்பேறி என்கிறோம், தைரியமற்றவன் என்று நகைக்கிறோம், அன்றேல் கண்டும் காணார்போற் கடந்து செல்கிறோம். இவ்வேற்றுமை தகாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனநோய்களிற் பெரும்பாலானவை 25 வயதிற்கு முன்னரே தலைகாட்டுகின்றன என்பது மருத்துவர் கண்ட உண்மை. கல்லூரிப் பருவமும் அதுவேயன்றோ? பெற்றோரைப் பிரிந்து வந்த தனிமை, தாய்மொழியிற் பயின்றவர்க்கு ஆங்கில விரிவுரை தரும் மலைப்பு, கடன்பட்டுக் கட்டிய சம்பளம், குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெறப்போகின்றவன் என்னும் பெருஞ்சுமை, சாதி பற்றியும் நிறம் பற்றியும் எழும் ஏளனச் சொல் ஆகியன ஒன்றுகூடி இளநெஞ்சை அழுத்துகின்றன.

தேர்விற் தவறியவன் சில நாள் வருந்துதல் இயற்கையே, அது நோயன்று. ஆயின் அவ்வருத்தம் இரண்டு வாரங்களுக்கு மேலும் நீங்காது நின்று, உறக்கமும் பசியும் கெட்டு, பாடத்தில் மனம் பற்றாது, நண்பர் கூட்டமும் கசந்து போகுமாயின், அது மருத்துவ உதவி வேண்டும் நிலையென்று அறிதல் வேண்டும். தக்க காலத்தில் உதவி பெற்றோரிற் பெரும்பாலார் நலமடைகின்றனர்.

அவ்வுதவியின் முதற்படி மனநல ஆலோசகர். அவர் நீதி புகட்டுபவர் அல்லர், பொறுமையுடன் செவிகொடுப்பவர். கூறியவற்றை மறைபொருளாகக் காப்பது அவர் தொழில் நெறி. உயிருக்கு ஆபத்து நேருமென்று அஞ்சும்போது மட்டுமே பிறர்க்கு அறிவிப்பர். மருந்து வேண்டுமாயின் மனநல மருத்துவரிடம் அனுப்புவர். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிலையம் ஒவ்வொன்றும் இத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரையேனும் அமர்த்தல் வேண்டுமென்று 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் பணித்துள்ளது. மத்திய அரசினர் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம்.

இங்கு இரண்டு தவறான எண்ணங்களைக் களைதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கின்றாயோ என்று நண்பனை வினவினால், அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் எனப் பலர் அஞ்சுவர். ஆராய்ந்தோர் கண்டது அதுவன்று. அன்போடு நேரே வினவுதல் பாரத்தை இறக்கிவைக்க வழி செய்கிறது. வெளியிற் சொன்னால் போலீஸ் வழக்கு வரும் என்பது மற்றோர் அச்சம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது உண்மையே. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றோரைக் கடுந்துயருற்றோராகவே கொண்டு, அவர்க்குச் சிகிச்சையளித்தல் அரசின் கடமை என விதித்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்திலோ அப்பழைய பிரிவே இல்லை.

எம் அனுபவமொன்றையும் இங்குக் கூறுதல் பொருந்தும். யாம் பயின்ற நாளில் எம்மோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் திங்கட்கணக்கிற் பேச்சுக் குறைந்து வந்தார். கண்டோம், ஆயினும் ஒரு நாளேனும் காரணம் வினவினோமில்லை. ஆண்டிறுதித் தேர்விற்குச் சின்னாள் முன்னர் அவர் பெட்டியோடு ஊர் சென்றார், திரும்பவில்லை. பல ஆண்டு கழித்துச் சந்தித்தபோது, "ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். அவர் பட்டம் இழந்ததில் எமக்கும் பங்குண்டு என்பதை அன்றுணர்ந்தோம்.

ஆதலின், மாணவ நண்பர்காள், உங்கள் அறைத்தோழர் வாடியிருப்பின் அருகமர்ந்து வினவுங்கள், இடைமறியாது கேளுங்கள், ஆலோசகர் அறை வாயில் வரை உடன் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் அவரைத் தனியே விடாது, விடுதிக் காப்பாளர்க்கு உடனே அறிவியுங்கள். ஆசிரியப் பெருமக்களும், வருகை குறைந்த மாணவனை அபராதம் விதிக்குமுன் அழைத்து, "நலமா?" என்று கேட்பார்களாக. துயருறுவோர் நீங்களேயாயின், உதவி கேட்டல் இழுக்கன்று; காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாம் நாணுவதில்லையே.