முழங்கால் வலியும் நமது தொழிலும்

எட்டயபுரம் வட்டாரத்தில் தறிக்குழியை விட்டு எழும் நெசவாளியும், பருத்திக் காட்டில் களையெடுத்து நிமிரும் பெண்ணும் முதலில் கை ஊன்றுவது முழங்காலின்மீதுதான். தொழில் வேறாயினும் வலி ஒன்றே. கால் முடங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கரிசலில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் இருக்கும்போதே களையெடுக்க இயலாதவரின் வெள்ளாமை குன்றும். ஆகவே, முழங்கால் வலி உண்டாகும் காரணத்தையும், அதைச் சமாளிக்கும் முறையையும் அங்கத்தினர்களுக்கு விளக்குவது நமது கடமை எனக் கருதுகிறோம்.

தேய்ந்த முட்டியை ஆட்டினால் மேலும் தேயும், அசையாதிருப்பதே நலம் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இது சரியன்று. தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே அது சத்தைப் பெறுகிறது. நனைந்த பஞ்சை அமுக்கினால் நீர் வெளியேறும். விட்டால் மீண்டும் உறிஞ்சும். அதுபோலவே, அடியெடுத்து வைக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி, காலைத் தூக்கும்போது விரிந்து, தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே அளவான நடை முட்டிக்கு ஆகாரம் போன்றது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. முட்டியைத் தாங்குவதில் முன்தொடைத் தசைக்குப் பெரும் பங்குண்டு. வலிக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் அத்தசை மெலிகிறது, தசை மெலிந்தால் பளு மூட்டின்மேல் விழுகிறது, வலி மிகுகிறது, நடை மேலும் குறைகிறது. இந்தச் சுழலை அறுப்பதே சிகிச்சையின் முதற்படி.

அப்படியாயின் நமது தொழிலில் கேடு எங்கே உள்ளது? முட்டியை முழுவதும் மடக்கியபடி நெடுநேரம் வைத்திருப்பதில் உள்ளது. சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் முதியோரிடம் நடந்த ஆய்வொன்று 2004-ல் வெளியாயிற்று. இளம் வயதில் தினம் 3 மணி நேரத்திற்குமேல் குந்தியிருந்தவர்களிடம், அரை மணிக்கும் குறைவாகக் குந்தியவர்களைவிட மூட்டுத் தேய்மானம் ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது. முதுமை, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை ஆகியனவும் காரணங்களே. அவற்றுள் வயதை மாற்ற இயலாது; வேலை செய்யும் முறையை மாற்ற இயலும்.

குழித்தறியில் அமர்வோர், மிதிபலகையில் பாதம் பதிந்திருக்கும்போது முட்டி இடுப்புக்கு மேலே வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தால், உட்காரும் இடத்தில் கெட்டியான துணியை மடித்துப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடக்க வேண்டும். எழுவதற்கு முன் இரு கால்களையும் ஐந்தாறு முறை நீட்டி மடக்கி, கைக்கு எட்டும் உறுதியான பிடியைப் பற்றி எழுவது நல்லது. தரையில் அமர்ந்து தார் சுற்றும் பெண்கள் சிறு முக்காலியில் அமர்ந்து, இராட்டையையும் அதற்கேற்ப உயர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

காட்டில் குந்திக் களையெடுப்போர், ஒரு நிரை முடிந்ததும் நிமிர்ந்து சற்று நடக்க வேண்டும். நின்றபடியே களையெடுக்க நீண்ட கைப்பிடியுள்ள கருவிகள் உள்ளன. ஈரம் சற்று வடிந்தபின் இவற்றை உபயோகிக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. சங்கமே சிலவற்றை வாங்கி முறைவைத்து இரவல் கொடுக்கலாம். நடக்கும்போது காலில் அப்பும் கரிசல் மண்ணை அவ்வப்போது வழித்து எறிவதும் காலின் பளுவைக் குறைக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகள் இரண்டு. முதலாவது, திண்ணையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குதல். இரண்டாவது, கையூன்றாமல் திண்ணையிலிருந்து எழுந்து மீண்டும் அமர்தல். இயலாதவர் கையூன்றியே தொடங்கலாம். ஒவ்வொன்றையும் பத்து முறை, காலையும் மாலையும் செய்க. செய்யும்போது சிறிது வலித்து மறுநாள் காலைக்குள் தணிந்தால் அச்சமில்லை. மறுநாள் முட்டி வீங்கினாலோ, வலி கூடினாலோ பாதியாகக் குறைத்துக்கொள்க. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முன்வைக்க வேண்டும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். உடல் பருத்தவர்கள் எடையைக் குறைப்பது பெரும் பயன் தரும். 1 கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மீது ஏறும் பளு சுமார் 4 கிலோ குறைகிறது என 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் இதம் தரும், தேய்மானத்தை மாற்றா. நீரிழிவால் கால் மரத்தவர்கள் சூட்டைக் கையால் சோதித்த பின்னரே ஒத்தடம் கொடுக்க வேண்டும். கடையில் பெயர் தெரியாத வலி மாத்திரைகளை வாங்கி நாள்தோறும் விழுங்கும் பழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அவற்றுட் பல இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தமோ, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அபாயம் மிகுதி.

முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் கண்டாலும், விழுந்தபின் காலூன்ற இயலாவிடினும், முட்டி மடங்கியபடியே சிக்கிக்கொண்டாலும், கெண்டைக்கால் திடீரென வீங்கினாலும் தாமதியாமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். காலையில் ஒரு மணி நேரத்திற்குமேல் கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து இறுகியிருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்கும் பரிசோதனை அவசியம். நடமாட இயலாதோரின் இல்லத்திற்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பதும், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டறியலாம்.

தறியின் ஓர் இழை அறுந்தால் உடனே பிணைக்கிறோம். பாவு முழுவதும் அறும்வரை காத்திருப்பதில்லை. முட்டியின் முதல் வலியையும் அவ்வாறே கவனிப்போமாக. இம்மாதமே திண்ணையில் அமர்ந்து முதற்பயிற்சியைத் தொடங்குமாறு அங்கத்தினர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் கேட்டுக்கொள்கிறோம்.