பலெர்மோ கட்டுத்தறியில் ஒரு எட்டு

கோல் யார் போட்டால் என்ன, நீங்கள் முதலில் மைதானத்தின் பின்பக்கம் வாருங்கள்! 1893-இல் தொடங்கிய அர்ஜென்டினா ஓப்பன் போலோவின் இறுதியாட்டம் புவெனஸ் அய்ரஸின் பலெர்மோ மைதானத்தில். ஏழேழு நிமிஷமாக எட்டு ஆட்டப் பகுதி, அதாவது சக்கர். குதிரையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஆளுக்குப் பத்துக் குதிரை சாதாரணம். அத்தனையும் இங்கே வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கின்றன, பளபளவென்று, ஒன்றை ஒன்று மிஞ்சும் அழகில்!

அந்த வாலைப் பாருங்கள். குதிரைக்காரர் முடியை இறுக்கிப் பின்னுகிறார், மடித்துக் கட்டுகிறார், மேலே டேப் சுற்றுகிறார். கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னுகிறவர்களின் கவனம். தொங்கும் வாலில் மட்டை சிக்கினால் ஆட்டக்காரரின் மணிக்கட்டு என்ன ஆவது? பிடரி மயிரையும் ஒட்டச் சிரைத்துவிடுகிறார்கள், கடிவாள வாரோடு சிக்கக்கூடாதே!

என் மனம் முழுக்கக் கால்கட்டில்தான். முழங்காலுக்குக் கீழே மெத்துத் துணி, அதன்மேல் பட்டை, அதற்கும் மேலே உறை. பந்தும் மட்டையும் பக்கத்துக் குதிரையின் குளம்பும் முதலில் பதம் பார்ப்பது அங்கேதான். இறுக்கினால் தசைநாண் கெடும். தளர்ந்தால் பாய்ச்சலில் அவிழ்ந்து காலைத் தடுக்கும். சுற்றுக்குச் சுற்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சரிசெய்கிறார்களே, அதுதான் வித்தை! சேணத்துக்கு மேலேயும் ஒரு வார் உண்டு. அடிவார் அறுந்தாலும் சேணம் நகராது. நெஞ்சிலிருந்து தாடைக்குப் போகும் வார், குதிரை தலையைத் தூக்கி ஆளின் மூக்கை உடைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

ஆட்டக்காரருக்கு முகக்கம்பி வைத்த ஹெல்மெட், கெட்டித் தோலில் முழங்கால் கவசம். எதிராளியைக் குதிரையோடு தோளுக்குத் தோள் தள்ளும்போது முட்டியோடு முட்டி மோதுமே! மட்டையின் தண்டு பிரம்பு, தலை பெரும்பாலும் தீப்பா மரம். இந்த ஊரின் பல தெருக்களுக்கு நிழல் தருகிறதே, அதே மரம்!

மணி அடித்துவிட்டது. வியர்த்த குதிரை ஓரமாகப் பாய்ந்து வருகிறது, அடுத்தது தயாராக நிற்கிறது. கால் தரையில் படாமல் ஒரு சேணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவல்! ஒரு நொடியில் முடிந்துவிடும், கண்ணை எடுக்காதீர்கள்!