பேரீச்சங் குலையில் தூசி, சோளன் இலையில் வலை

நோன்பு திறக்க நாம் கையில் எடுக்கும் பேரீச்சம்பழத்துக்கு ஒரு பழைய எதிரி உண்டு. ஈராக்கிலும் வளைகுடாப் பக்கத்திலும் தோட்டக்காரர் அதைக் ‘குபார்’ என்பார்கள். அரபியில் குபார் என்றால் தூசி. ‘கிம்ரி’ எனப்படும் பச்சைக்காய்ப் பருவத்தில் குலை முழுக்க மெல்லிய நூல் படரும். பாலைக் காற்றில் வரும் மண்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் நின்று பார்த்தால் குலைக்கு மேலே யாரோ புழுதியை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும். அதற்குள்ளே இருப்பது அரை மில்லிமீற்றர் அளவுகூட வராத ஓர் உயிர். அது உறிஞ்ச உறிஞ்சக் காயின் தோல் செம்பழுப்பாகி, முரடாகி, வெடிக்கும். அந்தக் காய் பிறகு மனிதர் தின்ன ஆகாது, ஆடு மாட்டுக்குத்தான்.

1939இல் மெக்கிரெகர் என்பவர் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். இன்றைய வழக்கில் அது ஒலிகோநைக்கஸ் அஃப்ராசியாட்டிகஸ். பேரீச்சையின் பகை என்றே பெயர் எடுத்தாலும் இது புல்லிலும் சீவிக்கும். அறுகு, சோளன், இறுங்கு, கரும்பு எல்லாம் அதற்கு வீடுதான். ஆகவே மரத்தடியில் புல்லை வளரவிட்டு மரத்துக்கு மட்டும் மருந்தடிப்பது பாதி வேலை.

நாம் சிலந்திப்பேன் என்று சொன்னாலும் இது பேனுமல்ல, பூச்சியுமல்ல. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் உறவு. வளர்ந்ததற்கு எட்டுக் கால். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு. ஊசி போன்ற வாயால் இலையின் கலங்களைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும். குத்தின இடம் வெளிறிப் புள்ளியாகும்; புள்ளிகள் கூடிக் கூடி இலையே வெளுத்துக் காயும். பெருகும் விதத்தையும் பாருங்கள்: ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும், அந்த முட்டைகள் எல்லாம் ஆணாகவே பிறக்கும். தப்பிப் பிழைத்த ஒரு பெண் போதும், ஒரு குடியேற்றம் தொடங்க. நல்ல சூட்டில் முட்டை வளர்ந்து பெரிதாகப் பத்து நாள் அளவே போதும்.

தானியப் பயிரில் இந்தக் கூட்டத்தின் பேர்போன ஆள் ஒலிகோநைக்கஸ் பிராட்டென்சிஸ். அமெரிக்கரான நேதன் பேங்க்ஸ் 1912இல் விவரித்தார். பிராட்டென்சிஸ் என்றால் லத்தீனில் புல்வெளிக்குரியது. கலிபோர்னியாவின் பேரீச்சந் தோட்டங்களிலும் இதுதான் ‘குபார்’ வேலையைச் செய்கிறது. அங்கே கந்தகத் தூள் தூவுவது வழக்கம். ஆனால் கன்சாஸ், நெப்ராஸ்கா, டெக்சாஸ் சமவெளிகளில் அதன் வாழ்க்கை கோதுமையோடும் சோளனோடும் பிணைந்தது. குளிர்காலத்தில் பெண்கள் செம்மஞ்சள் நிறம் பெற்று, கோதுமையின் அடித்தூரிலும் காட்டுப் புல்லிலும் ஒளிந்து கிடக்கும். கோடையில் கோதுமை பழுத்துக் காய்ந்தால் அங்கே சாப்பாடு இல்லை. உடனே நூலை விட்டுக் காற்றில் மிதந்து பக்கத்துச் சோளன் வயலில் இறங்கும். முதலில் கீழிலைகள், பிறகு மெல்ல மெல்ல மேலே.

இந்த இடத்தில்தான் விவசாயி ஏமாறுவது. கீழிலை காய்ந்தால் “தண்ணி காணாது, அதான் காயுது” என்று விட்டுவிடுவார். பாதி உண்மைதான், வரட்சியும் சூடும் இருந்தால்தான் இதுவும் பெருகும். ஆனால் பூ வந்து மணி பால் பிடிக்கிற வேளையில் பொத்தியை ஒட்டிய இலைகளுக்கு ஏறிவிட்டால் மணிக்குப் போக வேண்டிய உணவு குறைந்து விளைச்சல் விழும். மணி நன்றாக முற்றிய பிறகு மருந்தடிப்பதோ வீண் செலவு.

அதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. சிலந்திப்பேனைத் தின்பதற்கென்றே வேட்டை உண்ணிகள், ஸ்டெத்தோரஸ் என்ற சின்னக் கறுப்பு வண்டு, இலைப்பேன் இனங்கள் எல்லாம் வயலில் இருக்கின்றன. ஈரப்பதம் கூடினால் ஒருவகைப் பூஞ்சணமும் இதைக் கொல்லும். புழுவுக்கென்று பைரித்ரொயிட் வகை மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரர்கள். புழு போகும், பேன் பெருகும். அமெரிக்கச் சமவெளியில் பலமுறை கண்ட கதை இது. நம்மட நாட்டில் 2018இல் சேனா படைப்புழு வந்த பிறகு அம்பாறை, மொனறாகலை, அநுராதபுரப் பக்கச் சோளன் செய்கையாளர் எவ்வளவு மருந்து அடித்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிறத்தியார் கதையாகத் தோன்றாது.

இந்தப் பேரினம் நமக்கு அந்நியமுமல்ல. தேயிலையைச் செம்பு நிறமாக்கும் சிவப்புச் சிலந்திப்பேன் ஒலிகோநைக்கஸ் கொஃபியே, 1861இல் ஜேர்மனியரான நீட்னர் இலங்கைக் கோப்பிச் செடியில் கண்டு எழுதியதுதான். அது புல்லுக்கு வராது. மலைநாட்டோடு அதன் கதை.

வயலில் பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கீழிலையைத் திருப்பி, நடுநரம்போரம் நூலும் முட்டையும் இருக்குதா எண்டு பார்க்கலாம். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் ஓடும் புள்ளிகள் தெரியும். கைவில்லை இருந்தால் இன்னும் ஒன்று தெரியும். புல் சிலந்திப்பேனுக்குக் கரும்பச்சை நிறம் உடம்பின் இரு பக்கமும் பின்முனை வரை ஓடும். பல பயிருக்கும் பொதுவான இருபுள்ளிச் சிலந்திப்பேனுக்கோ முன்பக்கமாக இரண்டு கரும் பொட்டு. கடைக்குப் போக முன்னமே இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் முதலாவதைக் கொல்லும் பல மருந்துகளுக்கு இரண்டாவது இலகுவில் சாகாது.