தெள்ளுப்பூச்சிக்கு ஒரு கார்ட்டூன்

ஓர் அரசன் தெள்ளுப்பூச்சி ஒன்றைச் செல்லமாக வளர்க்கிறான்; தையற்காரனை அழைத்து அதற்கு வெல்வெட் அங்கி தைக்கச் சொல்கிறான். ஜெர்மானியக் கவிஞர் கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில் வரும் இந்தக் கேலிப் பாட்டுக்கு, ருஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1879-இல் இசையமைத்தார். பியானோ துணையுடன் ஒருவரே பாடும் மேலைச் சாஸ்திரீயப் பாட்டு இது. பாடகர் நடுநடுவே 'ஹா ஹா' என்று சிரிக்கவும் வேண்டும்! இதைக் கார்ட்டூன் படமாக்க எங்கே தொடங்குவீர்கள்?

படத்தில் அல்ல, பாட்டில். முதலில் பாட்டை ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட தாளம் என்றால், தட்டுக்கு 12 சட்டங்கள். ஆனால் பாடகர் ஓரிடத்தில் இழுப்பார், ஓரிடத்தில் விரைவார் (நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது). எனவே ஒவ்வொரு சிரிப்பும் எத்தனையாவது சட்டத்தில் விழுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு 'ஹா'க்களுக்கு இடையே 12 சட்டங்கள் என்று கொள்வோம். முதல் 'ஹா'வில் தாவும் பூச்சி அடுத்ததில் தரையிறங்க வேண்டும். ஏற 6 சட்டங்கள், இறங்க 6. இறங்கும் தொலைவைச் சமபாகங்களாகப் பிரித்து வரைந்தால், பூச்சியை நூல்கட்டி இறக்குவதுபோல் தோன்றும். கலீலியோ கண்டது நினைவிருக்கிறதா? விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் தொலைவைக் கடக்கிறது. கூட்டினால் 36. ஆகவே உயரத்தை 36 பங்காக்கி, முதல் சட்டத்தில் 1 பங்கும் கடைசிச் சட்டத்தில் 11 பங்கும் இறக்குங்கள். ஏறும்போது இதே எண்கள் தலைகீழாக வரும்.

வேடிக்கைக்காகப் பூச்சியை உச்சியில் இரண்டு சட்டம் கூடுதலாக நிறுத்தலாம். அந்த இரண்டையும் ஏற்றத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். 'ஹா' விழும் சட்டத்தை மட்டும் நகர்த்த முடியாது.