கிளைக்குள் கிளை

நமது தாவரவியல் துறையிலுள்ள உலர்தாவரத் தாள்களின் பட்டியலை இணையப் பக்கமாக அமைக்க முன்வந்தபோது, அது ஒரு வாரத்து வேலை என்றே எண்ணினேன்.

பெந்தம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட ‘ஜெனிரா பிளாண்டாரம்’ என்னும் நூலின் வகைப்பாட்டை நாம் வகுப்பில் படிக்கிறோம். விதைத் தாவரங்களை அது 202 குடும்பங்களாகப் பகுக்கிறது. வேம்பைத் தேடிச் சென்றால் இருவித்திலைத் தாவரங்கள், பாலிபெட்டலே, டிஸ்கிஃபுளோரே, ஜெரானியேலிஸ் என நான்கு படி இறங்கி, ஐந்தாவதாக மீலியேசி குடும்பத்தை அடைகிறோம். தென்னைக்கு மூன்றே படிகள்: ஒருவித்திலைத் தாவரங்கள், காலிசினே, பாமே. சைகஸுக்கோ ஜிம்னோஸ்பெர்முக்கு அடுத்தே குடும்பம் வந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் என்னைத் திணறவைத்தது.

வார்ப்புரு என்பது விவரங்கள் வந்து அமர வேண்டிய இடங்களை வெற்றாக விட்டு எழுதிய பக்கம். அச்சிட்ட விண்ணப்பப் படிவம் போன்றது. ‘ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு செய்க’ என்னும் சுழற்சிக் கட்டளை அதில் உண்டு. திருக்குறளாயின், பாலுக்குள் அதிகாரம், அதிகாரத்துக்குள் குறள் என மூன்று சுழற்சிகளை ஒன்றனுள் ஒன்றாக எழுதினால் 1330 குறளும் ஒழுங்காக வந்து நிற்கும். ஆழம் எங்கும் ஒன்றே அல்லவா? தாவரங்களுக்கு எத்தனை சுழற்சிகள் எழுதுவது?

வழி, வார்ப்புரு தன்னைத்தானே அழைப்பதுதான். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் அதன் எண், பெயர், தாயின் எண் ஆகிய மூன்றும் இருக்கும். சிறு வார்ப்புரு ஒன்று பெயரை எழுதும். பிள்ளைகள் இருப்பின் உள்பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னையே மீண்டும் அழைக்கும். பிள்ளையில்லாத இடத்தில் அழைப்பு தானே நின்றுவிடும். ஜாங்கோவில் இதனை ‘இன்குளூட்’ கட்டளையால் செய்யலாம். ஜிஞ்சாவில் சுழற்சியோடு ‘ரிகர்சிவ்’ என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டும். உள்பட்டியல், தாயின் ‘எல்.ஐ.’ குறி மூடுமுன் வரவேண்டும். மூடிய பின் வைத்தாலும் கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் எது எதற்குள் அடக்கம் என்னும் உறவு அறுந்துபோகும். பக்கத்தைக் கருவி வாசிக்கக் கேட்டுப் பயிலும் பார்வையற்ற நண்பர்களுக்கு அந்த உறவே வழிகாட்டி.

பணி முடிந்த களிப்பில் இருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் வந்து, “நம் துறையில் வேம்பு இல்லையா அண்ணா?” என்று கேட்டார். பார்த்தால் வேம்பு மட்டுமன்று, எலுமிச்சை, மா எதுவுமே இல்லை! டிஸ்கிஃபுளோரேவுக்குத் தாயின் எண்ணாக அதன் எண்ணையே தட்டிவிட்டிருக்கிறேன். தனக்குத் தானே தாயானால் கணிப்பொறி முடிவின்றிச் சுழலும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. உச்சியிலிருந்து இறங்கி வரும் எந்த வழியும் அந்த வரிசையைத் தொடாததால், அக்கிளை முழுதும் ஓசையின்றி உதிர்ந்துவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. சுழன்று நின்றிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன்.

இப்போது வார்ப்புருவுக்கு அனுப்புமுன், அட்டவணையின் வரிசைகளையும் மரத்தில் ஏறியவற்றையும் நிரல் எண்ணிப் பார்க்கிறது. ஒவ்வாவிடில் பக்கம் வெளிவராது. விடுபட்டவற்றின் எண்கள் எனக்குக் காட்டப்படும். வேம்பு மீலியேசியின் கீழ் திரும்பி வந்துவிட்டது.