வவுச்சேஃப் என்னும் வினைச்சொல்

1662ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தைப் புரட்டுவோர், இக்காலப் பேச்சில் அரிதாகிவிட்ட வவுச்சேஃப் என்னும் வினைச்சொல்லை அதில் பலமுறை காண்பர். அகராதியை நாடினால் 'அளி', 'கொடு' என்னும் பொருள்களே கிட்டும். கொடுத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் எளிய சொல் இருக்க, இச்சொல் எதற்காக?

விடை காணத் திருச்சிராப்பள்ளியினின்று காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம். அங்கே பெருமாள் வருவதில்லை, எழுந்தருளுகிறார். உண்பதில்லை, அமுது செய்தருளுகிறார். ஆழ்வார்களின் பாசுரங்களுக்கே அருளிச்செயல் என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் அரசனுடைய வாய்மொழி ஆணையும் 'திருவாய்மொழிந்தருளினதாக'ப் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்விடங்களில் 'அருள்' துணைவினையாக நின்று, செயலை மாற்றாமல், செய்பவரின் உயர்வையும் பெறுபவருக்கு உரிமை ஏதும் இன்மையையும் உணர்த்துகிறது. வவுச்சேஃப் ஆற்றும் பணியும் இதுவே. தே தேயும் என்னும் துதியில் ஆங்கிலேயர் இச்சொல்லை வைத்த இடத்தில், லத்தீன் மூலம் 'தகுமென எண்ணியருளும்' என்னும் கருத்துடைய சொல்லைக் கொண்டுள்ளது.

ஆயினும் ஆங்கிலச் சொல்லுக்குள் வேறொன்றும் உறைகிறது. பதினான்காம் நூற்றாண்டளவில் இது இரு சொற்களாக வழங்கிற்று. முற்பகுதி 'அழைத்தல்' என்னும் லத்தீன் வேரினின்று தோன்றிப் பிணைநிற்றலைக் குறித்தது. பிற்பகுதி 'சேதமற்றது' எனப்படும். கொடுப்பதோடு அதற்குப் பிணையும் நிற்பதே இதன் ஆதிப்பொருள். (திருவரங்கத்தில் சிறப்புப் பெறுவோரைச் சந்நிதியில் விளிப்பதற்கு அருளப்பாடு என்று பெயர். இரு சொற்களுக்கும் உறவில்லை. எனினும் இங்கும் அழைப்பும் அருளும் சேர்ந்து நிற்பது சிந்திக்கத்தக்கது.)

இன்று நம் சபைகளில் 'தந்தருளும்' என்பதைக் கோயில் வாடை வீசும் பழஞ்சொல் என்று சிலர் ஒதுக்கி, 'தாரும்' என்றே வேண்டுகின்றனர். இதை நாம் ஏற்பதற்கில்லை. பிஷப் ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று, தாம் மரித்த நாளின் காலையில், திருச்சிராப்பள்ளிக் கோட்டை ஆலயத்தில் திடப்படுத்தல் ஆராதனையைத் தமிழிலேயே நடத்தினார். ஆற்றின் இப்புறத்துக்கென்று தனித் தமிழ் ஒன்று அன்றும் இருந்ததில்லை. 'தாரும்' என்பது கடன்காரனிடமும் கேட்கத்தக்கது. 'தந்தருளும்' என்பவன் தனக்கு உரிமையில்லை என்று அறிந்து கேட்கிறான். ஆனால் ஆலய அழைப்பிதழ்களில் மனிதரும் 'எழுந்தருள்வதை'க் காண நமக்குக் கூச்சமே உண்டாகிறது.

பிணை என்னும் கருத்தோ 'தந்தருளும்' என்பதில் அடங்குவதில்லை. எபிரெயர் 7:22இல் 'பிணையாளி' என்னும் சொல் நமக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. ஜெபங்களை மொழிபெயர்ப்போர் அதையும் கருத்திற்கொண்டு, வேண்டுமிடத்தில் 'பிணைநின்று காத்தருளும்' என்று எழுதலாம்.